ஹடப்சரில் நான் போட்ட துளைகள்

1

போன மாதம் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பம்பாய்க்குப் போகிற வழியில் புனேயில், கோர்படியில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். வந்த அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து திரும்பும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தலை முழுக்க சிமெண்டுத் தூசி. சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. தோளில் கனமான சாக்குப் பை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, பிச்சைக்காரியை விரட்டுகிற மாதிரி "ஆகே ஜாவ்", அப்பால் போ, என்றார். அந்த இரண்டு வார்த்தை ஹிந்தியை எந்த ஸ்டேஷனில் கற்றுக்கொண்டாரோ தெரியவில்லை.

நான்தான் என்று தெரிந்த பிறகு மனிதர் பட்ட பாடு சொல்லி முடியாது. பைக்குள் இருந்ததை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தேன். துப்பாக்கியா என்று கேட்டார். கான்கிரீட்டில் துளை போடுகிற மிஷின், நான்தான் ஓட்டுகிறேன் என்றேன். அதன் பிறகு காப்பி ஆறுகிறவரை அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த மௌனத்தை ஊருக்குப் போய் வட்டியோடு ஈடுகட்டிவிட்டார் போல. என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாம். நான் சித்தாள் வேலை பார்க்கிறேனாம். மகளின் படிப்பை நிறுத்திவிட்டோமாம். பெரியம்மா மகள் ஒருத்தி பரிதாபப்பட்டு இரண்டு சேலை பார்சலில் அனுப்பியிருக்கிறாள். சேலை நன்றாகத்தான் இருக்கிறது, வைத்துக்கொண்டேன்.

ஊர்க் கோயில் கொடை மலருக்கு வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் சிங்கப்பூர், துபாய் என்று எழுதுவார்கள். நான் புனேயிலிருந்து எழுதுகிறேன். மாமா சொன்னதை நம்புவதைவிட நான் சொல்வதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினால் எனக்குத் திருப்தி. இன்று வியாழக்கிழமை. இந்தப் பக்கத்தில் வியாழக்கிழமை கரண்டை நிறுத்திவிடுவார்கள். கரண்ட் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை, அதனால் எழுத நேரம் இருக்கிறது.

2

நாங்கள் இங்கே வந்தது எழுபத்திரண்டில். என் வீட்டுக்காரர் வயரிங் வேலைக்காரர், அதுவும் நம் அரசாங்கம் கொடுத்த பர்மிட் வைத்திருந்தவர். இங்கே வந்து காட்டினால், இது வேறு மாநிலத்துக் காகிதம், செல்லாது என்றுவிட்டார்கள். திருநெல்வேலியில் ஓடுகிற கரண்டும் புனேயில் ஓடுகிற கரண்டும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. புதிதாகப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். பரீட்சை மராத்தியிலோ இங்கிலீஷிலோதான். இவருக்கு இரண்டும் அரைகுறை. ஆபீஸுக்கு நடந்து நடந்து, ஒரு குமாஸ்தாவுக்கு இவர்மேல் இரக்கம் வந்த பிறகுதான் பர்மிட் வந்தது.

அதுவரைக்கும் வீட்டில் சீலிங் ஃபேன் ரீவைண்டிங் செய்துதான் சாப்பிட்டோம். அக்கம்பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து எரிந்துபோன ஃபேன்கள் வரும். இவர் பிரிப்பார், நான் செம்புக் கம்பியைச் சுற்றுவேன். சோறு கொதிக்கிற நேரத்தில் ஒரு காயில் சுற்றி முடித்துவிடுவேன். மோட்டாரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். யாரும் எனக்கு வகுப்பு எடுக்கவில்லை.

பர்மிட் வந்த பிறகு இவருக்கு வெளி வேலை நிறையக் கிடைத்தது. சுவருக்குள் குழாய் புதைத்து வயரிங் செய்வது அப்போதுதான் இங்கே பரவிக்கொண்டிருந்தது. சுவரைக் கொத்துவதுதான் அதில் பெரிய வேலை. ஒரு கையில் உளி, ஒரு கையில் சுத்தியல், நாள் முழுக்கத் தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு தட்ட வேண்டும். அப்படியே சில வருடம் தட்டினார். எழுபத்தொன்பது மழைக்காலத்தில் வலது தோள் பூட்டிக்கொண்டது. சட்டை மாட்டிக்கொள்ளக்கூட நான் கைகொடுக்க வேண்டும். டாக்டர், வயர் இணைக்கலாம், சுவிட்ச் மாட்டலாம், சுத்தியல் மட்டும் இனிக் கூடாது என்றார். கொத்தாத வயரிங்காரரை எந்தக் காண்டிராக்டர் கூப்பிடுவார்?

பாளையங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிற இவருடைய அண்ணன் நல்ல மனதோடுதான் சொன்னார். தீபாவளிக்குள் வந்துவிட்டால் கடையில் உட்காரலாம், மாடியில் ஓர் அறை இருக்கிறது, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்றார். இவர் போய்விடலாம் என்றே முடிவு செய்திருந்தார். எனக்கு விருப்பமில்லை. மகள் கோமதி அப்போது மராத்திப் பள்ளியில் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். தமிழில் அவளுக்கு அம்மா, அப்பா, சோறு, அடி இந்த நான்கும் நன்றாகத் தெரியும். ஊருக்குப் போனால் ஒன்றாவதில் உட்கார வைத்துவிடுவார்கள். மச்சினர் வீட்டு மாடியில், அவர்கள் போட்டதைத் தின்றுகொண்டு, காலம் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருக்க எனக்குத் தெம்பு இல்லை. கோபமாகத்தான் இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

3

எங்கள் வரிசையில் கடைசி வீடு மேரி டீச்சருடையது. அவர்களும் தமிழ்க்காரர்கள்தான், கண்டோன்மெண்ட் பக்கம் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள். டீச்சரின் தம்பி துபாயில் கட்டட வேலையில் இருந்தார். லீவுக்கு வரும்போது ஒரு மிஷினைக் கொண்டுவந்து, இங்கே விற்றுவிடலாம் என்று பார்த்திருக்கிறார். யாரும் வாங்கவில்லை. அது டீச்சரின் கட்டிலுக்கு அடியில், ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஒரு நாள் பெருக்க உதவி செய்யப் போனபோது பார்த்தேன். நீளமான பச்சை உடம்பு, பின்னால் பிடி, முன்னால் விரல் கனத்துக்கு ஒரு துரப்பணம். பிளக்கில் சதுரச் சதுரமாக மூன்று கால், அது இந்த ஊர் ஓட்டையில் நுழையவே நுழையாது. வீட்டுக்காரர் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வேறு மாட்டினார். சாதாரண டிரில் சுழலும், அவ்வளவுதான். இது சுழன்றுகொண்டே குத்தியது. வீட்டுக்குப் பின்னால் கிடந்த உடைந்த கான்கிரீட் துண்டில் வைத்துப் பார்த்தோம். இவர் உளியால் அரை மணி நேரம் தட்டுகிற ஆழம், தோசை திருப்புகிற நேரத்தில் போய்விட்டது. துரப்பணத்தைக் கழற்றி உளிமுனையை மாட்டினால் சுழலாமல் குத்த மட்டும் செய்தது. செங்கல் சுவரில் குழாய்க்கு வாய்க்கால் வெட்ட அதுதான் தேவை.

ஆனால் அதன் அதிர்வை இவருடைய தோள் தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு துளை போட்டார். மூன்றாவதுக்கு மிஷினைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த மிஷினிடம் ஒரு குணம் உண்டு. பலத்தைக் காட்டி அழுத்தினால் அது வேலை செய்யாது. உள்ளே குத்துகிற தண்டு ஓடுவதற்கு இடம் வேண்டும். லேசாகப் பிடித்து, முனை நழுவாமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதை அதுவே செய்துகொள்ளும். கம்பியில் இடித்தால் சத்தம் மாறும், உடனே எடுத்துவிட்டு ஒரு விரல்கடை தள்ளிப் போட வேண்டும். சுத்தியல் பிடித்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டம், அவர்கள் கை அழுத்தத்தான் பார்க்கும். எனக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. பத்து நாளில் பிடிபட்டுவிட்டது. டீச்சர் வீட்டோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டு மிஷினை எடுத்துக்கொண்டோம்.

வயர் இவர் வேலை, அதற்குப் பர்மிட் இவரிடம் இருக்கிறது. சுவரில் ஓட்டை போடுவதற்கு எந்த அரசாங்கமும் பர்மிட் கேட்பதில்லை.

4

புனேயின் ஓரத்தில் ஹடப்சரில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. காண்டிராக்டர் ஜாதவ் என்பவர். தளம் போடும்போது குழாய்க்கு வழி விட மறந்துவிட்டார்கள். தீபாவளிக்கு வீடுகளை ஒப்படைக்க வேண்டும். கையால் கொத்தினால் பொங்கலுக்குக்கூட முடியாது. இவர் மிஷின் இருக்கிறது என்று சொன்னதும் ஜாதவ் பிடித்துக்கொண்டார். துளைக்கு இவ்வளவு, சுவர் வாய்க்காலுக்கு அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. மிஷினை யார் பிடிப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

உங்களுக்கு இங்கத்தைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கட்டட வேலையில் பெண்கள் நிறையப் பேர் உண்டு. பஞ்சத்துக்கு ஊரைவிட்டு வந்தவர்கள். மணல், செங்கல், கலவை எல்லாம் அவர்கள் தலையில்தான் மாடி ஏறும். ஆனால் கரண்டியோ உளியோ அவர்கள் கைக்கு வராது. சுமப்பது பெண், கருவி பிடிப்பது ஆண், கூலியும் அதற்குத் தகுந்தபடி. யாரும் எழுதி வைக்கவில்லை. நம் ஊரிலும் அப்படித்தானே.

அதனால் நாங்கள் நாடகம் ஆடினோம். நான் மிஷினைப் பிடிப்பேன், இவர் பக்கத்தில் நிற்பார். ஜாதவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மிஷின் இவர் கைக்குப் போகும், நான் தூசி பெருக்குவேன். அவர் மாடி ஏறி வந்து பார்க்கும்போது இவர் எப்போதும் 'கொஞ்சம் ஓய்வு' எடுத்துக்கொண்டிருப்பார். துளைகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. இவ்வளவு ஓய்வெடுத்து இவ்வளவு வேலை செய்கிற ஆளைப் பார்த்ததே இல்லை என்று ஜாதவ் மேஸ்திரியிடம் சொன்னாராம்.

செங்கல் சுமக்கிற ருக்மிணிபாயிடம் நாடகம் பலிக்கவில்லை. ஒரு நாள் சும்மாட்டை அவிழ்த்து உதறிக்கொண்டே, மிஷின் ரொம்பக் கனமா என்று கேட்டாள். உன் தலையில் இருப்பதில் பாதிகூட இல்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை, மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. மிஷினுக்கு முதல் பூஜை. இவருக்குப் பக்தி கொஞ்சம் அதிகம், அந்த வருடம் பயமும் சேர்ந்திருந்தது. மிஷினைப் பலகையில் வைத்துச் சந்தனத்தைக் குழைத்துப் பூசினார் பாருங்கள், மாப்பிள்ளைக்குக்கூட நலுங்கில் அப்படிப் பூசமாட்டார்கள். உடம்பில் பூசினார், பிடியில் பூசினார், பின்னால் காற்றுப் போக வரிவரியாக ஓட்டை இருக்குமே, அதன்மேல் மூன்று பட்டையாக இழுத்து நடுவில் குங்குமம் வைத்தார். மேலே சாமந்தி மாலை. மறுநாள் தசரா, அன்றும் யாரும் கருவியைத் தொடமாட்டார்கள். சந்தனம் நன்றாக உலர்ந்தது. அடுத்த நாள் காலையில் மாலையை எடுத்துவிட்டு, துணியால் மேலாகத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். நானும் கவனிக்கவில்லை.

5

அன்றைக்கு ஜாதவ் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். வேலை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று பார்க்க வேண்டுமாம். பார்த்துப் பிடித்தால் இதைவிடப் பெரிய கட்டடம் ஒன்று இருக்கிறதாம். மேஸ்திரியும் ஆட்களும் சுற்றி நின்றார்கள். நாடகத்துக்கு வழியில்லை.

இவர் என்னைப் பார்த்தார். நான் மிஷினை நீட்டவில்லை, இவரே வாங்கிக்கொண்டு சாரத்தில் ஏறினார். உத்தரத்தில் வைத்து அழுத்தினார். வலியில் அழுத்தினாரா, பயத்தில் அழுத்தினாரா தெரியாது. மிஷின் உறுமியது. பாதி ஆழத்தில் சுருதி இறங்கியது. பின்பக்க ஓட்டையிலிருந்து புகை வந்தது. புகை என்றால் சாதாரணப் புகை இல்லை, சந்தனப் புகை. அந்த மாடி முழுக்கக் கோயில் மணம். ஜாதவ் மூக்கை உறிஞ்சிவிட்டு, இது டிரில்லா ஊதுபத்தியா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதே நேரம் முனை கம்பியில் மாட்டி, மிஷின் ஒரு முறுக்கு முறுக்கியது. இவர் தோளைப் பிடித்துக்கொண்டு சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு நின்றது.

நாளையிலிருந்து உளி ஆட்களைக் கூப்பிடு என்று ஜாதவ் மேஸ்திரியிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் மராத்தியில்தான் சொன்னார், எனக்கு ஒவ்வோர் எழுத்தும் புரிந்தது. மச்சினர் வீட்டு மாடி அறை என் கண்ணுக்குத் தெரிந்தது.

நான் சாரத்தில் ஏறினேன். இவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, முனையைத் திருப்பிக் கழற்றி மிஷினை எடுத்துக்கொண்டு வந்து, கரண்டைப் பிடுங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பின்மூடியின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் சந்தனத் தூள். சுழல்கிற மோட்டாருக்குக் கரண்டைக் கொடுக்கிற கார்பன் கட்டை இரண்டிலும் அரைத்த மஞ்சள் மாதிரி அப்பிக் கிடந்தது. கொண்டை ஊசியை உருவிக் காற்று ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தேன். ஜாதவிடம், சாகேப், ஸ்கூட்டரிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வேண்டும் என்றேன். அவர் இருந்த திகைப்பில் தானே போய்ப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். துணியில் நனைத்துத் துடைத்து, பெட்ரோல் வாடை போகும்வரை காற்றில் ஆறவிட்டு, மூடியைப் பூட்டினேன்.  செங்கல் சுமக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள்.

மறுபடி ஏறினேன். ஒரு விரல்கடை தள்ளி வைத்தேன். அழுத்தவில்லை. உத்தரத்தின் அந்தப் பக்கம் முனை எட்டிப் பார்த்தது. இறங்காமலே அடுத்ததையும் போட்டேன்.

ஜாதவ் என்னை இறங்கச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை, மனதில் இருந்ததை நேராகவே சொன்னார். ஒரு பெண் மிஷின் பிடித்தால் நாளைக்கு இந்தப் பெண்கள் எல்லாம் ஆண் கூலி கேட்பார்கள், எனக்கு இது வேண்டாத வம்பு என்றார்.  ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் எனக்கு அன்றும் தகராறு, இன்றும் தகராறு. வந்தபடி சொன்னேன்:

"சாகேப், ஹோல் தேகோ. ஹாத் மத் தேகோ."

துளையைப் பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள் என்று சொன்னதாக எண்ணம். பிறகு, பேச்சு துளைக்குத்தானே, ஆளுக்கு இல்லையே என்றேன். இதுவரை நீங்கள் எண்ணிய துளைகள் எல்லாம் என் கை போட்டவை, எது கோணல் என்று காட்டுங்கள், கையால் கொத்தி அடைத்துத் தருகிறேன் என்றேன். அவர் உத்தரத்தில் இருந்த துளையில் விரலை விட்டுப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தோளைப் பிடித்தபடியே ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு இவருக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

ஜாதவ் கீழே இறங்கிப் போனார். பாதிப் படியிலிருந்து குரல் வந்தது, இரண்டாவது மாடியும் இந்த வாரத்துக்குள் முடிய வேண்டும் என்று. மேஸ்திரியிடம் இல்லை, என்னிடம்.

இப்போது எங்களிடம் மிஷின்கள் பெருகிவிட்டன. தண்ணீர் விட்டுக்கொண்டே பளிங்கை அறுக்கிற வட்டக் கத்தி, தளத்தில் கைபோகிற அளவுக்கு வட்டமாக வெட்டி எடுக்கிற வைர முனை மிஷின். ருக்மிணிபாய் என்னோடுதான் இருக்கிறாள், வைர முனை அவள் பொறுப்பு. கோமதி காலேஜில் படிக்கிறாள். நான் எழுதுவதை அவளால் வாசிக்க முடியாது, வாசித்துக் காட்டினால் பாதி புரியும். அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். 

6

ஒன்று பாக்கி. அந்தத் தீபாவளிக்குள் இவருடைய அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பெரிய கட்டடத்தையும் எங்களுக்கே கொடுப்பதாக ஜாதவ் சொன்ன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு டிரங்க் கால் போடத் தபால் தந்தி ஆபீஸுக்குப் போனோம். ஊரில் அண்ணன் கடைக்கு எதிரே அரிசி மண்டியில்தான் போன், கூப்பிட்டு அனுப்புவார்கள்.  இங்கே வேலை இருக்கிறது, வரவில்லை என்று மட்டும் சொல்வதாக எனக்கும் இவருக்கும் பேசாமலே ஓர் ஒப்பந்தம். அதற்கு மேல் சொல்லும்படி நான் கேட்கவும் இல்லை.

லைன் கிடைக்க மத்தியானம் ஆயிற்று. கதவு இல்லாத கூண்டு. பின்னால் வரிசை, பெரும்பாலும் ராணுவக் குடும்பங்கள். லைனில் ஒரே இரைச்சல்.

"அண்ணே, நாங்க வரல. இங்க வேலை கெடச்சிருக்கு" என்றார்.

அந்தப் பக்கம் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தோளை வைத்துக்கொண்டு உனக்கு என்னடா வேலை என்று கேட்டிருப்பார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தபால் கட்டண விவரத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

"எனக்கில்லண்ணே. முத்துலெட்சுமிக்கு."

கேட்கவில்லை போல. குரலை உயர்த்தினார்.

"முத்துலெட்சுமிக்கு! அவ மிஷின் ஓட்டுதா!"

அதுவும் கேட்கவில்லை. இவர் ரிசீவரை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஹடப்சர்வரை கேட்கும்படி கத்தினார்.

"எம் பொண்டாட்டி கான்கிரீட்ல தொளை போடுதாண்ணே! நான் பின்னால நின்னு வயர் இழுக்கேன்!"

வரிசையில் நின்ற மீசைக்காரர் ஒருவர் சட்டென்று திரும்பினார். தமிழ்க்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவர் அதைக் கவனித்துவிட்டார். இனிக் குரல் இறங்கிவிடும், போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் ஆபரேட்டர் பெண் குறுக்கே வந்து, மூன்று நிமிஷம் முடிந்தது, வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாள். எந்த டிரங்க் காலிலும் இரண்டாவது நிமிஷத்திலேயே வைத்துவிடுகிற மனிதர் இவர்.

"இன்னொரு மூணு நிமிஷம் போடுங்க மேடம்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, இடது தோளைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.

"அண்ணே, இருக்கீயளா? மொதல்லேருந்து சொல்லுதேன், கேளுங்க."